பொலிஸ் வாகனம் கண்ணில் படும்போது

திருகோணமலையிலிருந்து நிலாவெளி செல்லும் வீதியில், எதிரே வரும் வாகனமொன்று பட்டப்பகலில் முன்விளக்கை இரண்டு தடவை அடித்துக் காட்டினால், அதற்கு என்ன பொருள் என்று இந்த ஊர்ச் சாரதி எவருக்கும் சொல்லத் தேவையில்லை. முன்னால் எங்கோ போக்குவரத்துப் பொலிஸார் நிற்கிறார்கள். வேகமானியின் முள் இறங்குகிறது. கைப்பிடியில் கொளுவியிருந்த தலைக்கவசம் தலைக்கு ஏறுகிறது. காதோடு ஒட்டியிருந்த கைப்பேசி சட்டைப்பைக்குள் போகிறது. நடுவீதியில் ஓடிக்கொண்டிருந்த முச்சக்கர வண்டி இடப்பக்கக் கோட்டை நாடி ஒதுங்குகிறது. பொலிஸாரைக் கடந்து ஓரிரு வளைவுகள் போனதும் எல்லாம் பழையபடி திரும்பிவிடுகின்றன. ஒரு மோட்டார் சைக்கிளும் காக்கிச் சீருடை அணிந்த இருவரும் கண்ணில் படுவதாலேயே நூற்றுக்கணக்கான சாரதிகளின் நடத்தை மாறுகிறது. அதே மாற்றம் சில நிமிடங்களில் கரைந்தும் போகிறது. ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதிகளில் உயிரிழக்கும் நாட்டில், இந்தக் கரைவு ஏன் நிகழ்கிறது, அதைத் தள்ளிப்போட வழியுண்டா என்பதே கூடிய கவனத்தைக் கோரும் கேள்வி.

கரைந்துபோகும் விதத்தை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்ரா ஹவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது. பொலிஸ் வாகனம் வெளிப்படையாக நிறுத்தப்பட்டிருந்த இடத்தில் வாகனங்களின் சராசரி வேகம் விதிக்கப்பட்ட எல்லையை அண்டி இறங்கியது. அந்த இடத்தைத் தாண்டிய பின்னர், ஏறத்தாழ ஒவ்வொரு 900 மீற்றருக்கும் அந்தக் குறைவு பாதி பாதியாகத் தேய்ந்தது. இதை நம் வீதிக்குப் பொருத்திப் பார்த்தால், உப்புவெளியில் நிற்கும் பொலிஸாரைக் கண்டு ஒரு சாரதி மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தைக் குறைத்தார் என்றால், 900 மீற்றர் போனதும் அவர் காட்டும் நிதானத்தில் 6 கிலோமீற்றரே மிஞ்சியிருக்கும். மூன்று கிலோமீற்றர் கடந்ததும் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சும். காலத்தைப் பொறுத்தவரை விளைவு சற்று நீண்டு நிற்கிறது. ஒரே ஒரு நாள் பொலிஸ் வாகனம் நின்ற இடத்தில் அடுத்த மூன்று நாட்கள்வரை வேகம் குறைந்திருந்தது. தொடர்ந்து ஐந்து நாட்கள் நின்ற இடத்தில் குறைந்தது ஆறு நாட்கள் அந்தத் தாக்கம் நீடித்தது. நாள்தோறும் அதே வீதியால் வேலைக்குப் போய்வரும் ஒருவர், நேற்று அவர்கள் நின்ற மரத்தடியை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார். அந்த மரத்தடியைத் தாண்டிய அடுத்த வளைவைப் பற்றி அவருக்கு அப்படியொரு நினைவு கிடையாது.

வேகத்தில் சிறிய வித்தியாசம் எவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சராசரி வேகம் 1 வீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 4 வீதம் கூடும் என்பது சுவீடனைச் சேர்ந்த யோரான் நில்சன் வகுத்த கணிப்பு. உலக சுகாதார அமைப்பும் அதையே பயன்படுத்துகிறது. அதே கணக்கைத் திருப்பினால், ஒரு வீதியில் சராசரி வேகம் 5 வீதம் இறங்கினாலே உயிரிழப்பு விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்குக் கிட்டிய பங்கு தவிர்க்கப்படும். ஆகவே பொலிஸ் வாகனத்தைக் கண்டு சாரதி சற்றே காலைத் தளர்த்துவதை வெறும் நடிப்பு என்று தள்ளிவிடுவது தவறு. அந்த நடிப்பு நீடிக்கும் தூரமெங்கும் உயிர்கள் காக்கப்படுகின்றன.

ஏன் அது நீடிப்பதில்லை? சாரதி தன் மனத்துக்குள் போடும் கணக்கு ஒன்று உண்டு: பிடிபடுவேனா, மாட்டேனா? தண்டப்பணம் எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் இரண்டாவதாகவே வருகிறது. தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயமே மனிதரைத் தடுக்கிறது என்று இத்தாலியரான செசாரே பெக்காரியா 1764இலேயே எழுதினார். வீதிப் போக்குவரத்தில் அது மெய்ப்பட்டதை இரண்டு நாடுகளின் அனுபவம் காட்டுகிறது. பிரித்தானியாவில் 1967ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டம், இரத்தத்தில் மதுவின் அளவுக்கு எல்லை விதித்து, மூச்சுச் சோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதல் மாதங்களில், குறிப்பாக வாரஇறுதி இரவுகளில், விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. சில ஆண்டுகளில் அந்தப் பலன் தேய்ந்துபோனது. இதை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் லோரன்ஸ் றொஸ் சொன்ன காரணம் எளிமையானது: சோதனைக்கு உள்ளாகும் வாய்ப்பு உண்மையில் மிகக் குறைவு என்பதைச் சாரதிகள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமோ 1982 டிசம்பரில் வேறொரு வழியைத் தொடங்கியது. எந்தச் சந்தேகமும் இல்லாத சாரதிகளையும் எழுந்தமானமாக நிறுத்தி, எல்லோரும் பார்க்கும்படி பெருவீதிகளில் சோதனை நடத்தி, அதைப் பற்றி இடைவிடாது விளம்பரமும் செய்தார்கள். அங்கே பலன் நிலைத்தது. சோதனைக்கு உள்ளானவர்களைப் போலவே, பக்கத்து வாகனம் நிறுத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டு கடந்துபோனவர்களும் மாறினார்கள்.

அப்படியானால் பொலிஸ் வாகனம் எவ்வளவு தூரத்திலிருந்து பொலிஸ் வாகனமாகத் தெரிகிறது என்பது முக்கியமாகிறது. பிரித்தானியாவில் 1990களின் நடுப்பகுதியில் நெடுஞ்சாலைப் பொலிஸ் வாகனங்களுக்கென மஞ்சளும் நீலமும் மாறி மாறி வரும் பெரிய சதுரக் கட்டங்கள் வடிவமைக்கப்பட்டபோது, சாதாரணப் பகல் வெளிச்சத்தில் 500 மீற்றர் தூரத்திலிருந்தே அதை இன்னதென அறிய வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வருபவருக்கு 500 மீற்றர் என்பது ஏறக்குறைய 26 விநாடிகள். பதற்றமின்றி வேகத்தைக் குறைக்க அது தாராளமாகப் போதும். ஒளிரும் மஞ்சள் தெரிவு செய்யப்பட்டதற்கு உடலியல் காரணம் உண்டு. பகலில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது மஞ்சள்-பச்சை நிறத்தை, அதாவது 555 நானோமீற்றரை அண்டிய ஒளியை. அத்துடன் ஒளிரும் சாயம், கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்களை உள்வாங்கிப் புலப்படும் ஒளியாக வெளிவிடுவதால், விடியலிலும் அந்தி மங்கலிலும் சூழலைவிட எடுப்பாகத் தெரிகிறது. முழு இருள் சூழ்ந்ததும் அந்தச் சாயத்தால் பயனில்லை. அப்போது வேலை செய்வது, விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புத் தாள். நம் முன்விளக்கின் ஒளியே நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. இருளில் கண்ணின் கூர்மை 507 நானோமீற்றரை நோக்கி நகர்வதால் நீலத்தின் பக்கம் உணர்திறன் கூடுகிறது. யான் புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்த இந்த மாற்றமே, நீல விளக்கு பகலைவிட இரவில் கண்ணை உறுத்துவதற்குக் காரணம்.

நம்முடைய வீதிகளில் போக்குவரத்துப் பொலிஸ் என்பது பெரும்பாலும் ஓரமாக நிறுத்திய மோட்டார் சைக்கிளும், அதன் பக்கத்தில் கைநீட்டி நிற்கும் அலுவலரும்தான். அவரது ஒளிரும் மேற்சட்டை தூரத்திலேயே தெரிந்தால் சாரதி மெதுவாக இறங்குகிறார். வேம்பின் நிழலில் காக்கி கலந்துபோய் 50 மீற்றரில்தான் தெரிந்தால் பிரேக்கை அழுத்தி மிதிக்கிறார். பின்னால் நெருங்கி வந்த மோட்டார் சைக்கிள்காரர் அந்தத் திடீர் மிதிப்புக்குத் தயாராக இருப்பதில்லை. இந்தக் கணத்தில் இன்னொரு சேதமும் நடக்கிறது: சாரதியின் கண்கள் வீதியை விட்டு வேகமானிக்கும் பொலிஸாருக்கும் இடையில் ஓடுகின்றன. குச்சவெளிப் பக்கம் மாடுகள் வீதியில் படுத்திருக்கும், திருகோணமலை நகருக்குள் புள்ளிமான்கள் குறுக்கே நடக்கும். அத்தகைய வீதியில் இரண்டு விநாடிகள் கண்ணை எடுப்பது, 70 கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 39 மீற்றரைப் பார்க்காமலே கடப்பதற்குச் சமம்.

நிறுத்திய வாகனம் பளிச்சென்று தெரிந்தாலும் போதாது என்பதை 2002இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று காட்டியது. விளக்குகள் எரிய, அடையாளங்களுடன் வீதியோரம் நின்ற பொலிஸ் கார்களின்மேல் வாகனங்கள் மோதிய சம்பவங்களைச் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். மோதியவர்களில் பலர் தாங்கள் அதைப் பார்க்கவே இல்லை என்றார்கள். போக்குவரத்தின் திசைக்கு நேராக நிற்கும் காரைப் பார்க்கும் அனுபவசாலியான சாரதி, அதுவும் தன்னைப்போல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தன்னையறியாமலே முடிவு செய்துவிடுகிறார். அதே காரைச் சாய்வாக நிறுத்தியபோது அது நிற்பதை அவர்கள் விரைவாக உணர்ந்தார்கள். கந்தளாயிலிருந்து ஹபரணை வரை யானைகள் கடக்கும் ஏ6 வீதியில் இரவில் கடமையாற்றும் எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. விளக்கின் மினுக்கத்தைவிட வாகனம் நிற்கும் கோணம் சில வேளைகளில் உயிரைக் காக்கிறது.

இனி, தெரியும்படி நிற்பதா, மறைந்து நிற்பதா என்ற பழைய விவாதத்துக்கு வருவோம். மறைந்து நிற்பவர்கள் அதிகம் பேரைப் பிடிக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. பிடிபட்டவர் அன்றைக்குக் கலங்குகிறார்; சிலரோ ஒருமுறை பிடிபட்டாயிற்று, இன்றைக்கு இனி இல்லை என்ற எண்ணத்தில் இன்னும் விரைகிறார்கள். ஆனால் பிடிபடாமல் கடந்துபோன பல நூறு பேருக்கு அங்கே பொலிஸார் இருந்ததே தெரியாது. அவர்களின் மனக்கணக்கில் எதுவும் மாறுவதில்லை. அதற்காக மறைமுகக் கண்காணிப்பு முழுவதும் வீண் என்று சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் தூர இடங்களுக்கான பஸ்களில் சிவில் உடையில் பொலிஸாரை அனுப்பும் நடவடிக்கை தொடங்கியபோது, அந்த அறிவிப்பே ஒரு வேலையைச் செய்தது: தன் பின்னால் அமர்ந்திருக்கும் பயணி யாராகவும் இருக்கலாம் என்ற எண்ணம் சாரதிக்கு வந்தது. மறைவு பயன் தர வேண்டுமானால் மறைவு இருக்கிறது என்பது ஊரறிந்ததாக இருக்க வேண்டும். அறிவிப்பில்லாத மறைவால் தண்டப்பணம் சேரும், வேகம் குறையாது. பிரித்தானியா 2001இல் தன் வேகக் கமராக்களை மஞ்சளாக்க முடிவு செய்ததும், பிடிப்பதைவிடத் தடுப்பதே நோக்கம் என்பதை மக்களுக்குக் காட்டத்தான்.

எதிர்வாகனம் அடித்துக் காட்டும் விளக்கை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு முரண் புலப்படுகிறது. அந்தச் சைகை பொலிஸாரின் செல்வாக்கைப் பின்னோக்கி இரண்டு மூன்று கிலோமீற்றர் நீட்டிவிடுகிறது. காணுமுன்பே சாரதிகள் நிதானமடைகிறார்கள். அந்த அளவில் அது நன்மையே. ஆனால் யாரும் விளக்கு அடிக்காத வீதி என்பது பொலிஸ் இல்லாத வீதி என்ற உறுதியையும் அதுவே தருகிறது. நடத்துநர்களின் கைப்பேசி அழைப்புகள், மணல் ஏற்றும் டிப்பர் சாரதிகளின் குழுத் தகவல்கள், பொலிஸ் நிற்கும் இடத்தைப் பயனரே குறித்துவைக்கும் வரைபடச் செயலிகள் ஆகிய எல்லாமே இதைச் செய்கின்றன. பொலிஸார் வழக்கமான இடங்களில் வழக்கமான நேரத்தில் நிற்கும்வரை இந்தத் தகவல்கள் பிழைப்பதில்லை. பிழைக்காத தகவல்தான் வேகமாக ஓடுவதற்கான துணிவைக் கொடுக்கிறது.

சீருடையின் தோற்றம் திருகோணமலையில் சுமக்கும் பொருளை வெளியூர் ஆய்வுகளிலிருந்து மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது. 2009 மே மாதத்தில் போர் முடியும்வரை, இந்த மாவட்டத்தில் வாகனம் ஓட்டுவது என்றால் மணல்மூட்டைகளுக்கும் பீப்பாய்களுக்கும் இடையில் வளைந்து வளைந்து செல்வது; முன்விளக்கைத் தணித்து உள்விளக்கைப் போடுவது; பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து கடந்து, மறுபக்கத்தில் மீண்டும் ஏறுவது. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு அந்தத் தடைகள் சிறிது காலம் திரும்பியும் வந்தன. அந்த அனுபவத்தோடு வளர்ந்த ஒருவர் பொலிஸ் வாகனத்தைக் கண்டு வேகத்தைக் குறைக்கும்போது, அவர் மனத்தில் வீதி விதி என்ற எண்ணமே எழாமல் இருக்கலாம். பயத்தால் குறைந்த வேகம், பயத்துக்குக் காரணமானவர் பார்வையிலிருந்து மறைந்ததும் கூடுவது இயல்பு. இதை நான் இங்கே அழுத்திச் சொல்லக் காரணம், போக்குவரத்துப் பொலிஸாரின் முன்னிலை வீதிப் பாதுகாப்புக்காகத்தான் என்பதை நம் மக்கள் நம்புவதற்கு வேறு மாவட்டங்களைவிடக் கூடுதலான உழைப்பு இங்கே தேவைப்படுகிறது.

அந்த நம்பிக்கை எதனால் வரும் என்பதற்கும் ஆய்வு உண்டு. சிக்காகோவில் 1,575 பேரிடம் பேசி, அமெரிக்க உளவியலாளர் டொம் டைலர் 1990இல் வெளியிட்ட முடிவுகளின்படி, மக்கள் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதற்குத் தண்டனைப் பயத்தைவிட, தங்களை நியாயமாக நடத்துகிறார்கள் என்ற எண்ணமே வலுவான காரணமாக இருந்தது. நிறுத்தப்பட்டவருக்கு ஏன் நிறுத்தப்பட்டார் என்று சொல்வதும், அவர் சொல்வதைக் கேட்பதும், பெரிய வாகனத்துக்கும் முச்சக்கர வண்டிக்கும் ஒரே அளவுகோலைப் பிடிப்பதும் அந்த நியாயத்தின் உள்ளடக்கம். இங்கே அதனோடு மொழியும் சேர்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது; மூதூரிலோ கிண்ணியாவிலோ நிறுத்தப்படும் ஒருவருக்கு அவர் செய்த தவறு அவருடைய மொழியில் விளக்கப்படும்போதுதான் அவர் எதையேனும் கற்றுக்கொண்டு போகிறார். புரியாத மொழியில் எழுதிக் கொடுக்கப்படும் தாளிலிருந்து அவர் அறிந்துகொள்வது, கட்ட வேண்டிய தொகையை மட்டுமே.

தோற்றத்தை மட்டும் நம்பி, உள்ளே எவரும் இல்லாமல் செய்யும் முயற்சிகளும் உலகில் நடந்திருக்கின்றன. 2019இல் பெங்களூரு நகரப் போக்குவரத்துப் பொலிஸார் சந்திகளில் சீருடை அணிவித்த பொம்மைகளை நிறுத்தினார்கள். இத்தகைய உருவங்கள் முதலில் சாரதிகளை நிதானிக்கச் செய்கின்றன. அசையாதவை என்று தெரிந்ததும் அவற்றின் பலன் போய்விடுகிறது. பலன் தொடர வேண்டுமானால் பொம்மை நின்ற இடத்தில் மறுநாள் உண்மையான அலுவலர் நிற்க வேண்டும். இதைவிட எனக்குக் கவலையளிப்பது, எதிர்த்திசையில் நடக்கும் கலப்படம்: தனியார் பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் நீலமும் சிவப்புமாக மினுங்கும் விளக்குகளைப் பூட்டிக்கொண்டு ஓடுகின்றன. 2025இன் தொடக்கத்தில் அவற்றைக் கழற்றும் நடவடிக்கை எடுக்கப்பட்டபோது பலரும் முணுமுணுத்தார்கள். ஆனால் நீல மினுக்கத்துக்கு அவசரம் என்ற ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். பத்து அலங்கார விளக்குகளைக் கடந்து வரும் சாரதி, பதினோராவதாக வருவது அம்புலன்ஸ் வண்டியா என்று திரும்பிப் பார்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நோயாளியின் நேரம்.

இருக்கும் சில அலுவலர்களையும் வாகனங்களையும் வைத்துக்கொண்டே விளைவை நீட்டிக்கும் வழி ஒன்று அவுஸ்திரேலியாவில் நடைமுறையாகியது. முதலில் தஸ்மேனியாவிலும் பின்னர் 1990களில் குயின்ஸ்லாந்திலும், வீதிகளைச் சிறு துண்டுகளாகவும் நாளைச் சில மணிநேரப் பகுதிகளாகவும் பிரித்து, எந்தத் துண்டில் எந்த நேரத்தில் பொலிஸ் வாகனம் நிற்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். நிற்பது அடையாளமிட்ட வாகனம், நிற்பதோ வெளிப்படையாக. எங்கே, எப்போது என்பது மட்டும் எவருக்கும் தெரியாது, அலுவலரின் வசதியும் அதைத் தீர்மானிப்பதில்லை. இரண்டு இடங்களிலும் விபத்துகள் குறைந்தன. கிராமப்புற நீள்வீதிகளுக்காகவே உருவான முறை என்பதால், நம் மாவட்டத்துக்கு இது நன்றாகவே பொருந்தும்.

ஏனெனில் நம் வீதிகளின் இயல்பு பதினைந்து ஆண்டுகளுக்குள் மாறிவிட்டது. 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011க்குள் மூதூர் வழியான ஏனைய பாலங்களும் திறக்கப்படும்வரை, ஏ15 வீதியில் மட்டக்களப்பு நோக்கிப் போவோர் வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவைப் பாதைகளில் ஏறி ஏறி நீர்நிலைகளைக் கடந்தார்கள். காத்துநின்ற துறைகளே அந்த வீதியின் வேகத்தடைகளாக இருந்தன. இன்று காபெட் இடப்பட்ட வீதியில் மூதூரிலிருந்து வெருகல்வரை எதுவும் தடுப்பதில்லை. ஹொரவப்பொத்தானை நோக்கிச் செல்லும் ஏ12 வீதியின் நேர்ப்பகுதிகளும், இறக்கக்கண்டியைத் தாண்டிப் புல்மோட்டைக்குச் செல்லும் வீதியும் அப்படியே. நகருக்குள் அநுராதபுரச் சந்தியைச் சுற்றிப் பொலிஸார் அடிக்கடி தென்படுகிறார்கள். அங்கே நெரிசலே வேகத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது. உயிரைப் பறிக்கும் வேகம் எழுவது ஆள்நடமாட்டம் குறைந்த, மாலை ஆறு மணிக்குப் பின் வெளிச்சம் இல்லாத நீள்துண்டுகளில்.

இந்தத் துண்டுகளில் ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள் வாரத்துக்குச் சில மணிநேரம், முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி, தூரத்திலேயே தெரியும்படி நின்றால் போதும் என்பதே இத்தனை ஆய்வுகளிலிருந்தும் நான் பெறும் முடிவு. அதன் பயனை எழுதிக் கொடுத்த தண்டத் தாள்களின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. நன்றாகத் தடுக்கும் பொலிஸாருக்கு எழுதுவதற்கு அதிகம் இருக்காது. பொலிஸ் நின்று இரண்டு நாட்கள் கழித்து, அந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி, ஒருவரும் நிற்காத வேளையில் வாகனங்களின் வேகத்தை அளந்து, முன்னைய அளவோடு ஒப்பிட வேண்டும். வேகமானித் துப்பாக்கி ஏற்கெனவே பொலிஸாரின் கையில் இருக்கிறது. அதைத் தண்டம் எழுதுவதற்காக அன்றி, கணக்கெடுப்பதற்காக மாதத்தில் ஒரு நாள் ஏ15 வீதியோரம் எடுத்துச் செல்வதற்குப் புதிய சட்டமோ புதிய செலவோ தேவையில்லை.